மூன்றாவது பொத்தல்

“யார் பேரை வைக்கிறது தாயி?”

முத்திருளாண்டி கேட்டார். கண்மாய்க்கரைக் கல்மண்டபத்தில், வெயில் ஏறுவதற்கு முன்னால்.

எதிரே உடையாள் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாருக்குப் பேரு?”

“கொடும்பாவிக்கு.”

ஐப்பசி மழை மூன்று வருஷமாகத் தவறிப்போன ஊர் அது. இப்போது ஆடி. அப்படிப்பட்ட ஊர் கடைசியாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. யாரோ ஒரு கொடும்பாவியின் பாவத்தால்தான் மழை நின்றது என்று சொல்லி, அந்தப் பாவியை வைக்கோலாலும் மண்ணாலும் செய்து, பாடையில் போட்டுத் தெருத்தெருவாக இழுப்பார்கள். பெண்கள் மாரடித்து அழுவார்கள். நிஜச் சாவுக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்து, எரித்து, தலைமுழுகிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள்.

பார்ப்பதற்கு என்ன, பார்க்கலாம்.

முத்திருளாண்டி அந்த ஊருக்கு அம்பலம். ஊர்க் காரியம் எதிலும் முதல் வார்த்தை அவருடையது. வயது அறுபத்திரண்டு.

உடையாளுக்கு நாற்பது இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் யாருடைய ஆடுகளையோ ஓட்டிக்கொண்டு வந்தவள். ஆடுகள் போய்விட்டன, அவள் இருந்துவிட்டாள். ஒரு நாள் அவர் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். மறுநாளும் வந்தார். அப்படியே அவள் குருவாகிவிட்டாள். அவரைக் கேட்டால் அவ்வளவுதான் சொல்வார்.

“மீசை நரைச்ச பெறகு ஆட்டுக்காரிகிட்ட பாடம் படிக்கிறாருய்யா அம்பலம்” என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த ஊரில் சிரிப்பதற்கு வேறு என்ன மிச்சம் இருந்தது?

“நீங்களே சொல்லுங்கண்ணே. பாவி யாரு?”

அவர் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

“மலையடிவாரத்து ஊர்க்காரன். மலையவே மொட்டையடிச்சுப்பிட்டான்.”

“சரி.”

“இல்லைன்னா டவுன்காரன். பொழுதன்னைக்கும் புகையா விடுறான். வானமே சூடேறிப்போச்சுன்னு டிவியில சொல்லுறாக.”

“சரி.”

“இல்லைன்னா நம்ம சன்னாசி. அஞ்சு வருசமா அய்யனாருக்குப் பொங்கல் வைக்கல.”

“சரி.”

“எல்லாத்துக்கும் சரின்னா எப்படி தாயி?”

“அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்கு. நான் இல்லைங்கலையே. மொதல்ல ஒடம்பச் செய்ங்க. மொகம் வந்தா பேரு வரும்.”

அவர் எழுந்திருக்கவில்லை. துண்டை எடுத்தார், உதறினார், மறுபடியும் தோளில் போட்டார்.

“இன்னொண்ணு தாயி. தோப்பக் கரிக்கு வெல பேசிட்டேன்.”

அவள் கை நின்றது. பிறகு அடுத்த புளியை எடுத்தது. அவர் தோப்புப் புளிதான் அது.

ஊரில் மிச்சமிருந்த ஒரே தோப்பு. அறுபது வேம்பு, பதினோரு புளி. தோப்போரக் கிணற்றில்தான் இன்னும் கொஞ்சம் ஊறிக்கொண்டிருந்தது. மற்ற கிணறுகளில் கல் போட்டால் கல் விழுகிற சத்தம்தான் கேட்கும். ஊர்ப் பெண்கள் விடிந்ததும் குடத்தோடு வந்து நிற்பது அங்கேதான்.

“நான் ஆசைப்பட்டா செய்யுறேன்? மழை இல்லை. மாடு ரெண்டும் எலும்பும் தோலுமா நிக்குது. கெணத்துத் தண்ணி கொறஞ்சுக்கிட்டே போகுது, இன்னும் ஆழத்துக்குப் போர் போடணும். மழை வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கணும்ல?”

“ஆமா.”

“வெள்ளிக்கிழமை கொடும்பாவி இழுக்குறோம். சனிக்கிழமை மரம் விழுகுது.” அவர் தோப்புப் பக்கம் பார்த்தார். “என் அப்பன் வச்ச மரம் தாயி. வயிறு எரியுது.”

“நான் ஏதும் சொல்லணுமா?”

“வேண்டாம். சும்மா சொன்னேன்.”

“சரி” என்றாள் உடையாள்.

*

உடம்பு செய்ய வைக்கோல் வேண்டும். அம்பலம் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

“மாட்டுக்கே இல்லையாம். பாவிக்கு எங்க போறதுங்கிறாக.”

“மண்ணு?”

“மண்ணுக்கா பஞ்சம்!”

தன் மானாவாரிக் காட்டிலிருந்து ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்து மண்டபத்து வாசலில் கொட்டினார். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தார். ஒரு கை செய்தார். தூக்கினால் விரல் உதிர்ந்தது. மறுபடியும் பிசைந்தார். இந்தத் தடவை கையே உதிர்ந்தது. எல்லாம் சரளை.

“என்னண்ணே, பாவிக்குக் கை நிக்க மாட்டேங்குது?”

“மேல்மண்ணு போச்சு தாயி. ஆடிக் காத்து வாரிக்கிட்டுப் போயிருச்சு. முன்னாடின்னா கரையில நின்ன மரம் மறிக்கும்…”

அவர் நிறுத்திக்கொண்டார். அவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

“காத்துல மட்டுமா போச்சு?”

“மழையிலயும் போச்சு.”

“மழை இல்லைன்னீங்க?”

“அட, சித்திரையில ஒண்ணு பேஞ்சுச்சே. ஒரு மணி நேரம் கொட்டித் தீத்துச்சு. அதெல்லாம் ஒரு மழையா? காட்டுல ஒரு சொட்டு எறங்கல. இருந்த மண்ணையும் அடிச்சுக்கிட்டு ஓடிருச்சு. கண்மாயில முழங்கால் அளவு நின்னுச்சு. பத்து நாள்ல வெயிலு குடிச்சிருச்சு.”

“அது மழையில்ல. சரி.”

அவருக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபப்படக் கூடாது என்று யார் சொன்னது? அவர் படுவார்.

“இந்தா தாயி, இந்தச் சரி சரிங்கிறத விடு. ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் சொல்லு. மேகம் வராமயா இருக்கு? தெனமும் வருது. மேக்க இருந்து கருகருன்னு கெளம்பி வருது. நம்ம ஊருக்கு நேரா வந்ததும் நிக்காமப் போயிருது. ஏன் நிக்க மாட்டேங்குது? அதச் சொல்லு.”

உடையாள் எழுந்தாள். உச்சிவெயில். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அவர் பின்னால் போனார்.

அவருடைய காட்டின் நடுவில் வந்து நின்றாள்.

“செருப்பக் கழட்டுங்க.”

“எதுக்கு?”

“கழட்டுங்கண்ணே.”

கழற்றினார். அவள் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“இப்ப நில்லுங்க.”

நின்றார். முதலில் வலது காலைத் தூக்கினார். பிறகு இடது காலைத் தூக்கினார். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கினார். அறுபத்திரண்டு வயது அம்பலம், நட்ட நடுக் காட்டில், கூத்தாடுகிறவன்போல.

“ஆத்தாடி!” என்று கத்திக்கொண்டு ஓடினார். நேரே தோப்புக்குள் போய்த்தான் நின்றார்.

அவள் மெதுவாக நடந்து வந்தாள். செருப்பைக் கீழே போட்டாள்.

“அங்க ஏன் நிக்கல?”

“சுடுதுல்ல!”

“இங்க?”

அவர் குனிந்து பார்த்தார். காலடியில் வேப்பஞ்சருகு. கணுக்கால் வரைக்கும் கிடந்தது. கால் குளிர்ந்திருந்தது. அண்ணாந்து பார்த்தார். கிளைச் சந்தில் ஒரு மேகம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

“மேகத்துக்கும் காலு சுடுமா தாயி?”

“மேகத்துகிட்ட நான் கேட்டதில்லண்ணே. ஒங்ககிட்டதான் கேட்டேன்.”

*

தோப்பில் இன்னொருவரும் நின்றுகொண்டிருந்தார். தவசி. விறகை அடுக்கி, மண் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்துக் கரியாக்குகிற கரிமூட்டக்காரர். ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கூப்பிட்டால் வருவார், கொடுத்தால் வெட்டுவார்.

“வாங்கய்யா. நல்ல நெழலுய்யா ஒங்க தோப்பு” என்றார், கோடு போட்டபடியே. “ரெண்டு நாளா வெளியில போகவே மனசு வரல.”

அம்பலம் பக்கத்து மரத்துக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

உடையாள் ஒரு வேம்பின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சருகை விலக்கினாள். விரலால் தோண்டினாள். மண் கறுப்பாக வந்தது. ஒரு பிடி எடுத்து அழுத்தினாள். பிடித்தபடியே நின்றது.

“இதுல செய்யலாம்.”

அம்பலம் வாங்கி முகர்ந்து பார்த்தார். உள்ளங்கையில் ஈரம் ஒட்டியது.

“இது எப்படி ஈரமா இருக்கு? மழைதான் இல்லையே!”

“சித்திரையில ஒண்ணு பேஞ்சுச்சாமே” என்றாள் உடையாள். “யாரோ சொன்னாக.”

*

இரண்டு நாள் வேலை. ஊர்ப் பெண்கள் தண்ணீருக்கு வந்தபோது ஆளுக்குக் கொஞ்சம் பிசைந்து கொடுத்தார்கள். வைக்கோலுக்குப் பதில் சருகு. கை வந்தது, கால் வந்தது, வயிறு வந்தது. தலையும் வந்தது. முகம் மட்டும் வழித்த மண்ணாக, சப்பையாக இருந்தது.

“மொகத்த வைக்கலையா?” என்று அம்பலம் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை வந்துரும்.”

வெள்ளிக்கிழமை காலையில் இழுத்தார்கள். கொட்டு முன்னால் போயிற்று. பாடை பின்னால் போயிற்று. பெண்கள் முதல் தெருவில் விளையாட்டாகத்தான் அழுதார்கள், ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு. இரண்டாவது தெருவில் சிரிப்பு நின்றுபோயிற்று. மூன்றாவது தெருவில் நிஜமாகவே அழுதார்கள். ஒவ்வொருத்திக்கும் செத்துப்போன ஒரு பசுவோ, பிழைப்புக்குப் போன ஒரு மகனோ உண்டு. ஏன் அழுகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

கண்மாய்க்குள் இறக்கினார்கள். தண்ணீர் நிற்க வேண்டிய இடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

அங்கேதான் சிக்கல் வந்தது. எரிப்பதற்கு முன்னால் பிள்ளை முறைக்கு ஒரு ஆள் வேண்டும். வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு, கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு பொத்தல் போடுவார்கள். மூன்றாவது பொத்தலுக்குப் பிறகு திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னால் போட்டு உடைக்க வேண்டும். அப்புறம் கொள்ளி.

கொடும்பாவிக்குக் கொள்ளி வைத்தவன் வீட்டுக்குப் பாவம் பின்னாலேயே வரும் என்று ஒரு பேச்சு உண்டு. அதனால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“சன்னாசி, நீ எடுப்பா” என்றார் ஒருவர்.

“நானா? எனக்கும் இந்தப் பாவிக்கும் என்ன ஒறவு?” சன்னாசி இரண்டு அடி பின்னால் போனார்.

யார் குடம் எடுப்பது என்று யாரோ உடையாளைக் கேட்டார்கள்.

“மண்ணு யாருது?” என்றாள் அவள்.

“தோப்பு மண்ணு! தோப்பு மண்ணு!” சன்னாசிக்கு என்ன சந்தோஷம்!

எல்லோரும் அம்பலத்தைப் பார்த்தார்கள். ஊர்க் காரியத்தில் முதல் வார்த்தை அவருடையது. அவர் சட்டையைக் கழற்றினார்.

குடத்தில் தோப்புக் கிணற்றுத் தண்ணீர். அன்றைக்கு ஊறியதில் கடைசிக் குடம். அதற்கு மேல் வாளியை விட்டபோது சகதிதான் வந்தது என்று குடம் கொண்டுவந்த பெண் சொன்னாள். அதைத் தூக்கி அவருடைய இடது தோளில் வைத்தார்கள்.

பொத்தல் போடுகிற நாவிதர் போன வருஷமே பிழைப்புத் தேடித் திருப்பூர் போய்விட்டார். உடையாள் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

“பொம்பள சுடுகாட்டுல கத்தி பிடிக்கலாமா?” என்று ஒருவர் முணுமுணுத்தார்.

“இது சுடுகாடா?” என்றாள் அவள். “கண்மாய்.”

முணுமுணுத்தவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

*

அம்பலம் முதல் சுற்று வந்தார். அவள் கத்தி முனையால் குடத்தின் பின்பக்கம் தட்டினாள். தண்ணீர் பீச்சி அவர் முதுகில் விழுந்தது.

“மொத வருசம் என்ன நடந்துச்சுண்ணே?”

இப்படி ஒரு கேள்வி சடங்கில் கிடையாது. அவர் தயங்கினார்.

“மழை இல்லை.”

“அதனால?”

“கரை மரத்தக் கரிக்கு வித்தோம்.”

“நடங்க.”

இரண்டாவது சுற்று. இரண்டாவது தட்டு. முதல் பொத்தலுக்குக் கீழே இன்னொன்று.

“ரெண்டாம் வருசம்?”

“மழை இல்லை.”

“அதனால?”

“கரட்டு மேட்டுல நின்ன உடமரம், வெள்வேலு எல்லாத்தையும் வித்தோம்.” அவர் குரல் இறங்கியது. “நான்தான் மொதல்ல கையத் தூக்கினேன்.”

“நடங்க.”

மூன்றாவது சுற்றுக்கு அவர் மெதுவாக நடந்தார். மொட்டைக் கரையிலிருந்து காற்று இறங்கியது, புழுதியோடு. அந்தக் கண்மாயில் அதை மறிப்பதற்கு ஒன்றும் இல்லை. குனிந்த தலையோடு நடந்ததால் தரை தெரிந்தது. குடத்திலிருந்து ஒழுகிய ஈரம் பாடையைச் சுற்றி வட்டமாக விழுந்துகொண்டிருந்தது. முதலில் விழுந்த ஈரத்தைத் தேடினார். அது காய்ந்துபோயிருந்தது. எங்கே தொடங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை.

குடம் பாதி எடை இழந்திருந்தது.

சுற்று முடிந்து நின்றார். காலடியில் கொடும்பாவி. முகம் செய்த அன்றைக்குப் போலவே சப்பையாக இருந்தது.

“பேரு சொல்லலையே!” சன்னாசி கத்தினார். “பேரு சொல்லாம எப்படி எரிக்கிறது?”

உடையாள் காதில் வாங்கவில்லை. கத்தி முனையைக் குடத்தில் வைத்தாள். தட்டவில்லை.

“மூணாம் வருசம் என்ன நடந்துச்சுண்ணே?”

“மழை இல்லை.”

“அதனால?”

அம்பலம் தலையைத் திருப்பித் தோப்பைப் பார்த்தார்.

“இன்னும் ஒரு பொத்தல் இருக்கு” என்றாள் அவள். “போடவா?”

கொட்டுக்காரர்கள்கூடக் குச்சியைத் தூக்கியபடி நின்றார்கள்.

அம்பலம் குடத்தைத் தோளிலிருந்து இறக்கினார். நெஞ்சோடு அணைத்தார். மேல் பொத்தலை வலது பெருவிரலால் அடைத்தார். கீழ்ப் பொத்தலை இடது பெருவிரலால் அடைத்தார். ஒழுகுவது நின்றது.

கூட்டம் சலசலத்தது. பாதியில் நிறுத்தலாமா, ஊருக்கு ஆகுமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தோப்பு இருந்த திசையில் நடக்க ஆரம்பித்தார்.

தவசி குறுக்கே வந்தார். மடித்த காகிதமும் பேனாவும் கையில் இருந்தன. பாவம், அவருக்கு அவர் அவசரம்.

“காரியம் முடிஞ்சதாய்யா? காலையில லாரி வந்துரும். இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா…”

பேனாவை நீட்டினார்.

முத்திருளாண்டி பேனாவைப் பார்த்தார். குடத்தை அடைத்திருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“மழை வர்ற வரைக்கும் கை ஒழியாது தவசி” என்றார்.